மணிக்கட்டில் ஓர் ஐந்தொகை

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டது என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் இரண்டு அடையாளங்கள் போதும். ஒன்று, தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவுடன் முகத்தில் விழுகிற சாரல். இரண்டு, பார்டர் பரோட்டாக் கடை வாசல்களில் வரிசையாக நிற்கிற வெளியூர் வேன்கள். சமீப வருடங்களில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பேரருவியில் முண்டியடித்துக் குளிக்கும் கூட்டத்தில் பத்துப் பேராவது இடது கையை மட்டும் தண்ணீருக்கு வெளியே உயர்த்திப் பிடித்தபடி நிற்பார்கள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் ஸ்மார்ட் வாட்ச்!

அருவிக்கு வந்து மணிக்கட்டு நனையாமல் குளிப்பது, தலையை வீட்டில் வைத்துவிட்டு மொட்டை போடக் கிளம்புவதற்குச் சமம். ஆனாலும் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காசு போட்டு வாங்கின பொருள். வட்டமாக, பளபளப்பாக, கறுப்புக் கண்ணாடியில் கலர் கலராக முள் ஓடுகிற பொருள். கட்டிக்கொண்டால் ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. மாதச் சம்பளம் பதினைந்தாயிரம் என்றாலும் மணிக்கட்டு மட்டும் மானேஜிங் டைரக்டர்!

"அது வாங்கலாமா, வேண்டாமா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பி.காம். படித்தவனிடம் எதைக் கேட்டாலும் அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் பதில் வரும். ஒரு பக்கம் சொத்து, மறுபக்கம் பொறுப்பு, கீழே இரண்டு கோடு. ஐந்தொகை போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். நம் வீடுகளில் 'வாட்ச்' என்றால் ஒரு தலைமுறைக்கு எச்.எம்.டி.தான். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. போடவில்லை என்றால் சம்பந்தி முகம் கடுகடுவென்று ஆகிவிடும். அப்புறம் 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்து ஓசூரில் ஃபாக்டரி போட்டார்கள். இன்றைக்கும் டைட்டனில் நாலில் ஒரு பங்குக்கு மேல் டிட்கோவிடம்தான் இருக்கிறது. ஆக, கையில் டைட்டன் கட்டியிருப்பவர்களே, அதில் ஒரு முள் நம் அரசாங்கத்துடையது!

2016-ல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடுவதென்று மத்திய அரசு முடிவெடுத்தது. அதே வருடம்தான் டைட்டன், எச்.பி. கம்பெனியோடு சேர்ந்து 'ஜக்ஸ்ட்' என்ற ஸ்மார்ட் வாட்சை இறக்கியது. ஒரு பக்கம் சாவி கொடுக்கிற காலம் முடிந்தது, மறுபக்கம் சார்ஜ் போடுகிற காலம் ஆரம்பித்தது.

பிறகு விலை சரிந்தது பாருங்கள், பேரருவி தோற்றது. நம் ஊர் பிராண்டுகளே ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தன. ஐ.டி.சி. நிறுவனக் கணக்குப்படி இந்தியாவில் 2023-ல் ஐந்து கோடிக்கு மேல் ஸ்மார்ட் வாட்ச்கள் கடைகளுக்குப் போயின. அடுத்த வருடமே அது சுமார் மூன்றரைக் கோடியாக இறங்கிவிட்டது. ஏன்? வாங்கினவர் இரண்டாவது வாங்கவில்லை. பொறுப்புப் பக்கத்தைப் படிக்கும்போது காரணம் உங்களுக்கே புரியும்.

* * *

சொத்துப் பக்கம் முதலில்.

சொத்து ஒன்று: அதிர்வு. சிரிக்காதீர்கள், என் கணக்கில் இதற்குத்தான் முதல் மார்க். பைக்கில் செங்கோட்டை ரோட்டில் போகிறீர்கள். பாக்கெட்டில் போன் அடித்தால் வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு கையால் துழாவுகிற ஜாதி நாம். மணிக்கட்டில் ஒரு 'குர்ர்', யாரென்று ஒரு கடைக்கண் பார்வை. அதையும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்ப்பது உத்தமம். கடன்காரர் என்றால் போய்க்கொண்டே இருக்கலாம். காது சரியாகக் கேட்காத பெரியவர்களுக்கும் இந்த அதிர்வு பெரிய உதவி.

சொத்து இரண்டு: நடக்க வைப்பது. தென்காசிக் கோயில் ரத வீதிகளைச் சாயங்காலம் சுற்றி வருகிறவர்களைப் பாருங்கள். முன்பு புண்ணியத்துக்குச் சுற்றினார்கள், இப்போது ஸ்டெப்புக்கும் சேர்த்துச் சுற்றுகிறார்கள். பத்தாயிரம் ஆகவில்லை என்று கோபுர வாசல் காற்றில் இரண்டு ரவுண்டு அதிகம் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு கம்பெனி நடையை எண்ணும் கருவி விற்றது. பெயர் 'மான்போ-கே'. அர்த்தம், 'பத்தாயிரம் அடி மீட்டர்'. பெயர் வாயில் நின்றுவிட்டது, உலகமே நடக்கிறது! 2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதான பதினாறாயிரத்துச் சொச்சம் பெண்மணிகளை வைத்து வந்த ஆய்வில், தினம் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட மரண விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் லாபம் தெரியவில்லை. எனவே பத்தாயிரம் ஆகவில்லையே என்று ராத்திரி பத்து மணிக்கு ஹாலில் மார்ச் பாஸ்ட் நடத்த வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் தூங்கட்டும்.

சொத்து மூன்று: இதயத் துடிப்பு. வாட்சைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை எண்ணி 72, 80 என்று காட்டுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஓரளவு நம்பலாம். வேகமாக ஓடும்போதும், ஸ்ட்ராப் தொளதொளவென்று இருக்கும்போதும், பச்சை குத்திய தோலிலும் தடுமாறும். குளிரில் கையின் ரத்தக்குழாய் சுருங்கிவிடும்போதும் அப்படித்தான். ஐந்தருவியில் அரை மணி நேரம் நின்று நடுங்கிக்கொண்டு வந்தவர் வாட்சைப் பார்த்துவிட்டு, "நான் உயிரோட இருக்கேனா?" என்று மனைவியைக் கேட்பது இதனால்தான்.

நல்ல கம்பெனிகளின் உயர்ந்த ரக வாட்ச்களில் இன்னும் ஒரு படி மேலே போய் ஈ.ஸி.ஜி.யும் எடுக்கலாம். ஆப்பிள் 2018-ல் அமெரிக்க அரசின் அனுமதியோடு கொண்டுவந்தது. 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆப்பிள் வாட்ச் கட்டிய 4,19,297 பேரில் 2,161 பேருக்குத்தான் 'துடிப்பு ஒழுங்காக இல்லை' என்ற எச்சரிக்கை வந்தது. அவர்களில் பிறகு ஒட்டுப்பட்டை ஈ.ஸி.ஜி. மாட்டித் திருப்பி அனுப்பியவர்களுக்குச் சோதித்ததில் நூற்றுக்கு 34 பேரிடம் அந்தத் துடிப்புக் கோளாறு பதிவானது. கோளாறு வந்து வந்து போகக் கூடியது என்பதால் மற்றவர்களுக்கெல்லாம் பொய் எச்சரிக்கை என்றும் சொல்லிவிட முடியாது. வாட்ச் சொன்னதால் டாக்டரிடம் போய்ப் பிழைத்தவர்கள் உண்டு. இதை மறுப்பது நியாயமில்லை. ஆனால் அதே கம்பெனி அதே வாட்சில் எழுதி வைத்திருக்கும் இன்னொரு வரியை யாரும் படிப்பதில்லை: மாரடைப்பை இது கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்சைப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

* * *

இப்போது பொறுப்புப் பக்கம்.

சார்ஜ். எச்.எம்.டி.க்குக் காலையில் பல் தேய்க்கும்போது நாலு சுற்று சாவி கொடுத்தால் தீர்ந்தது. ஆப்பிள் வாட்ச் பல மாடல்களுக்கு 18 மணி நேரம் என்றுதான் கம்பெனியே சொல்லிக்கொண்டிருந்தது. மலிவு வாட்ச்கள் ஐந்து நாள், ஏழு நாள் தாங்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காந்தச் சார்ஜர். இவன் சார்ஜர் அவனுக்கு ஒட்டாது. தூத்துக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது அதை மறந்துவிட்டால், தாலி கட்டும் நேரத்தில் கையில் இருப்பது வெறும் கறுப்பு வளையல்.

தமிழ். சில மலிவு வாட்ச்களில் தமிழில் மெசேஜ் வந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்பதும் கட்டம், "வரும்போது கொத்தமல்லி" என்பதும் கட்டம். எந்தக் கட்டம் என்று ஜோசியர்தான் சொல்ல வேண்டும். தமிழ் படிப்பவர்கள் கடையிலேயே ஒரு தமிழ் மெசேஜ் அனுப்பிப் பார்த்து வாங்குங்கள்.

வாட்சிலேயே பேசுவது. வசதிதான். ஆனால் தென்காசி-திருநெல்வேலி பஸ்ஸில் ஒருவர் மணிக்கட்டை வாயருகே வைத்துப் பேச, பதில் பஸ் முழுக்கக் கேட்டது: "மாமா, அந்த நகையைத் திருப்பியாச்சா, இல்லே இன்னும் அடகுலதான் கெடக்கா?" பஸ்ஸில் அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருந்தோம். பாவூர்சத்திரத்தில் இறங்கிவிட்டார்.

எண்ணிக்கை. கையில் இருக்கும் வாட்ச் காலை எண்ணுவதில்லை, கையின் ஆட்டத்தைத்தான் எண்ணுகிறது. கொத்துப் பரோட்டா போடுகிற மாஸ்டர் நின்ற இடத்திலேயே நாலு கிலோமீட்டர் போய்விடலாம். புல்லுக்கட்டைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிஜமாகவே நாலு கிலோமீட்டர் நடக்கிற அம்மாளுக்கு அது குறைத்தே எண்ணும். உழைப்பவருக்குக் குறைவாகக் கணக்கு எழுதுவது வாட்ச் கண்டுபிடித்த வழக்கமல்ல, விட்டுவிடுவோம்.

ரிப்பேர். ஊரில் எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சி ஒருவர் முப்பது வருடமாகக் கண்ணில் பூதக்கண்ணாடி சொருகி உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஸ்மார்ட் வாட்சை நீட்டினேன். தொடக்கூட இல்லை. "இதுல தொறக்கதுக்கு என்ன இருக்கு தம்பி? பசை போட்டுல்லா ஒட்டியிருக்கான். எச்.எம்.டி.ன்னா பல்சக்கரத்தைக் கழத்தி, கழுவி, மாட்டிருவேன். இதை நான் கழுவுனா நீங்க கைகழுவ வேண்டியதுதான்."

ஆக தேய்மானம் எப்படிப் போடுவது? மூவாயிரம் ரூபாய் வாட்ச் இரண்டு வருடம் உழைத்தால் ஒரு நாளைக்கு நாலு ரூபாய் சொச்சம். ஒரு டீயைவிடக் குறைவு. சொன்னால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு வருடம் கழித்துக் கடைசி மதிப்பு பூஜ்யம். அப்பாவின் எச்.எம்.டி. மகன் கையில் ஓடும். அப்பாவின் ஸ்மார்ட் வாட்ச் மகனின் விளையாட்டுப் பெட்டியில் கிடக்கும்.

* * *

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசாவிட்டால் அருவிக்குக் கோபம் வரும்.

பெட்டி மேல் 'ஐ.பி.68' என்றும் '5 ஏ.டி.எம்.' என்றும் போட்டிருப்பார்கள். முதலாவதில் ஆறு தூசுக்கு, எட்டு தண்ணீருக்கு. கம்பெனியே சொல்லும் ஆழத்தில், கம்பெனியே சொல்லும் நேரத்துக்கு மூழ்கினாலும் தாங்கும் என்று அர்த்தம். இரண்டாவது, 50 மீட்டர் ஆழத்து நீரின் அழுத்தத்தைச் சோதனைச் சாலையில் தாங்கியது என்பது. ஐம்பது மீட்டர் ஆழம் முங்கலாம் என்பதல்ல. அசையாத தண்ணீர் வேறு, வேகமாக வந்து அறைகிற தண்ணீர் வேறு. 50 மீட்டர் வாட்ச்சையே வேகமான நீர்வீச்சில் காட்டாதீர்கள் என்று பெரிய கம்பெனிகள் குறிப்பில் எழுதியிருக்கின்றன.

பேரருவி நேராக நம் தலையில் விழுவதில்லை. மேலே பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் நம் மேல் இறங்குகிறது. அப்படித் தணிந்து வந்ததே முதுகில் ஆயிரம் பேர் கும்மாங்குத்துக் குத்துவது போல இருக்கிறது. அந்தக் குத்தை வாட்சின் மெல்லிய ரப்பர் வளையம் வாங்க வேண்டுமா? அதோடு அருவிக்கு வருமுன் எண்ணெய் மசாஜ் வேறு. எண்ணெயும் சோப்பும் அந்த வளையத்துக்கு எதிரி. தொடுதிரையோ தண்ணீர்த் துளியையும் விரல் என்றே நினைக்கும். நீங்கள் கண்ணை மூடி அருவியில் நிற்க, உங்கள் வாட்ச் உங்கள் மேலதிகாரிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும். லீவு லெட்டரில் 'வயிற்றுக் கடுப்பு' என்று எழுதியிருந்தால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

சில வாட்ச்களில் 'ஃபால் டிடெக்ஷன்' உண்டு. "குத்தாலத்துல எந்த ஃபால்ஸ்ல தண்ணி விழுதுன்னு சொல்லும்" என்று ஒரு கடைப் பையன் விற்றுக்கொண்டிருந்தான். நாம் தடுக்கி விழுந்தால் கண்டுபிடித்து வீட்டுக்குச் சேதி சொல்கிற வசதி அது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு நிஜமாகவே நல்லது.

ஆனால் எந்த அருவி எப்போது பொங்கும் என்பதை எந்த வாட்சும் சொல்லாது. அதில் தெரிகிற வானிலை நாம் நிற்கிற இடத்துக்கு. வெள்ளம் வருவது மேலே மலையில் பெய்கிற மழையால். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். தண்ணீர் திடீரென்று கலங்கினால், போலீஸ்காரர் விசில் ஊதினால், கையைப் பார்க்காதீர்கள். காலை எடுங்கள்.

* * *

கடைசியாக, கணக்குப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு: 'ஐயக்கடன்'. வரவேண்டிய பணம் என்று எழுதியிருக்கும், வருமா என்பது சந்தேகம். அதை நம்பிச் செலவு செய்தால் கம்பெனி மூழ்கும். வாட்சில் காட்டும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அந்த ரகம்.

என் பெரியப்பாவுக்கு 68 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் ஒரு வாட்சைக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியில் 'பி.பி., சுகர்' என்று தங்க எழுத்து. ஊசி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு பொத்தானை அமுக்கினால் நம்பர். தினமும் காலையில் எல்லாருக்கும் காட்டுவார்: "ஏலே, இங்க பாரு, 108. நேத்து 104." ரசகுண்டு சாப்பிட்ட மறுநாளும் 106. மனுஷனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து ராத்திரி மாத்திரையை நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை.

செருப்புக் கடித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை என்று கண்டுபிடித்தது வாட்ச் இல்லை, பெரியம்மா. லேபில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் 312. அன்றைக்கும் வாட்ச் 107 என்றது. சித்தப்பா பையன் ஒரு காரியம் செய்தான். வாட்சைக் கழற்றிச் சமையலறையில் இருந்த வாழைக்காயில் கட்டிப் பொத்தானை அமுக்கினான். வாழைக்காய்க்கு நாடித் துடிப்பு 74, சுகர் 105. நல்ல ஆரோக்கியமான வாழைக்காய்! எல்லாரும் சிரித்தோம். பெரியப்பா சிரிக்கவில்லை. புண் ஆற நாற்பது நாள் ஆனது, விரல் தப்பியது. டாக்டர் ஒரே ஒரு வரிதான் சொன்னார்: "கையில கட்டினதை நம்பி மாத்திரையை நிறுத்தினா, கால்ல கட்டுப் போடற மாதிரி ஆயிடும்."

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் பகிரங்கமாகவே எச்சரித்தது: தோலைக் குத்தாமல் தானே சர்க்கரை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுத்ததில்லை, நம்பாதீர்கள் என்று. பல நாடுகளில் அனுமதி பெற்ற சாம்சங் வாட்சின் பி.பி. வசதிக்கே, நாலு வாரத்துக்கு ஒரு முறை புஜத்தில் கட்டும் நிஜ பி.பி. மெஷினோடு ஒத்துப் பார்க்க வேண்டும். முப்பதாயிரம் ரூபாய் வாட்சே இரண்டாயிரம் ரூபாய் மெஷினிடம் மாதா மாதம் பாடம் கேட்கிறது என்றால், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாட்ச் யாரிடம் கேட்டது?

கோடு போட்டுக் கூட்டிவிடலாம். அழகுக்கும் அழைப்புக்கும் நடைக்கும் வாங்கலாம். நாலு ரூபாய்க்கு மோசமில்லை. பட்ஜெட் மூவாயிரத்துக்குள் என்றால் 'பி.பி., சுகர்' என்று பெட்டியில் போட்டிருப்பதை மைனஸ் மார்க்காக வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்கிற கம்பெனி பாட்டரி விஷயத்தில் மட்டும் அரிச்சந்திரனாக இருக்காது. வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் முதலில் குளுக்கோமீட்டர், பிறகு பி.பி. மெஷின், காசு மிஞ்சினால் வாட்ச். அருவிக்குப் போகும்போது அதைப் பையில் போட்டு, பையைக் குரங்குக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாட்ச் ஒரு நல்ல குமாஸ்தா. நாள் முழுக்கத் தூங்காமல் எழுதும். எழுதட்டும். ஆனால் குமாஸ்தா எழுதிய கணக்கில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆடிட்டர். நம் உடம்புக்கு ஆடிட்டர், ஸ்டெதாஸ்கோப் மாட்டியிருப்பவர். குமாஸ்தாவே ஆடிட்டர் கையெழுத்தையும் போட ஆரம்பித்த கம்பெனிகள் என்ன ஆயின என்பதை பி.காம். கடைசி வருடத்தில் ஒரு முழுப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.